பேச்சியம்மாள் சிரிக்கவில்லை, அண்ணே

என் பாசத்துக்கும் கோபத்துக்கும் ஒரே ஆளாகிப்போன அருளண்ணனுக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று இருந்தேன். அழுதுகொண்டே எழுதுவேன் என்றுதான் நினைத்தேன். இப்போது பேனாவை எடுத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

போன சனிக்கிழமை சாயங்காலச் செய்தியில் உன்னைக் காட்டினார்கள். காட்டப்போகிறோம் என்று சென்னை நிலையத்திலிருந்து முதல் நாளே போன் வந்துவிட்டது. கோச்சடையில் நம் தெருவே நம் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்துகொண்டது. உன் மனைவி, என் மதினி, பாவம், காலையிலேயே டிவிமேல் கிடந்த துணியை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருந்தார். நீ போனபிறகு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு தெளிவு.

முதலில் உன் போட்டோ வந்தது. அடையாள அட்டைக்கு எடுத்தது. காது ரெண்டும் பெரிதாகத் தெரிகிறது என்று நீ திட்டுவாயே, அதேதான். அப்புறம் நீ எடுத்த படம் ஒன்று கறுப்பு வெள்ளையில் ஓடியது. பொம்பளைகள், குடங்கள், தூக்கிய கைகள். செய்தி வாசித்தவர், கிராம மக்களின் மகிழ்ச்சியை நம் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியவர் என்று உன்னைச் சொன்னார். மொத்தம் இருபது வினாடி இருக்கும். மதினி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அழுதார். தெருக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள். நான் எழுந்துபோய் டிவியை அணைத்தேன்.

"என்ன ஸ்டெல்லா, இன்னும் கொஞ்சம் காட்டுவாகள்ல" என்றார் மதினி.

"காட்டுனது போதும் மதினி" என்றேன்.

அது எந்தப் படம் என்று அந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். உனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தை நான் பேப்பருக்கு அனுப்பப்போகிறேன் அண்ணே. படிக்கிற நாலு பேருக்குப் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்கிறேன். பொறுமையாகக் கேள். இனி நீ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு அவசரமாக எங்கேயும் ஓட வேண்டியதில்லை.

நீ கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தவன். எழுபதுகளின் கடைசியில் சென்னை தொலைக்காட்சிக்கு மதுரையில் ஒரு செய்தியாளர் தேவைப்பட்டபோது, கேமராவும் பிடிப்பான், நாலு வரி பிழையில்லாமலும் எழுதுவான் என்று உன்னைப் பிடித்தார்கள். சாவி கொடுத்தால் ஓடுகிற கேமரா. ஒரு பிலிம் ரோல் நூறு அடி. ரெண்டே முக்கால் நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதில் சத்தம் பதியாது. பேசுகிறவர்களின் வாய் அசையும், அவ்வளவுதான். எங்கே, என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் டைப் அடித்து, ரோலோடு சேர்த்துச் சென்னை ரயிலில் ஏற்றிவிட வேண்டும். அங்கே படத்தைக் கழுவி, வெட்டி, ஒட்டி, தாளைப் பார்த்துச் செய்தி எழுதி வாசிப்பார்கள்.

அந்தத் தாளை அடித்தவள் நான். மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, ஹெட்மிஸ்ட்ரஸ் அனுமதியோடு தமிழ் டைப்ரைட்டர் முன்னால் உட்காருவேன். நீ பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்வாய், நான் அடிப்பேன். ஒரு கார்பன் நகல் நம்மிடம் இருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நாம் ரயிலைத் தவறவிட்டதில்லை.

இதில் வேடிக்கை, நீ எடுத்தது எதையும் நீ பார்த்ததில்லை. அப்போது மதுரையில் டிவி தெரியாது. நம் ஊர்ச் சங்கதியைச் சென்னைக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள், நமக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. ஒரு தடவை மில் கதவடைப்பைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, ஆசை தாங்காமல் நீயும் அடுத்த வண்டியில் சென்னைக்குப் போனாய். ஒரு டிவி கடை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துவிட்டு வந்தாய். "பதினஞ்சு செகண்டு தேன். கண்ணச் சிமிட்டுனா போச்சு" என்று சிரித்தாய். "ஆனா ஸ்டெல்லா, நீ அடிச்ச வரிய ஒண்ணு விடாம வாசிச்சாக."

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நான் உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருக்கலாம்.

அப்புறம் அந்த வறட்சி வருஷம் வந்தது. வைகை மணலில் ஆளுயரத்துக்கு ஊற்றுத் தோண்டினாலும் தண்ணீர் கசியாத வருஷம். சமயநல்லூருக்கு மேற்கே சின்ன ஓடைப்பட்டியில் ஒரு மந்திரி போர் பம்பைத் திறந்துவைக்கிறார் என்று தகவல் வந்தது. நீ காலையிலேயே கிளம்பிப் போனாய். மாலை, ரிப்பன், குழாயைத் திருகுவது, தண்ணீர் கொட்டுவது எல்லாம் அறுபது அடியில் முடிந்தது. மந்திரியின் கார் பக்கத்து ஊரான பரவையைக்கூடத் தாண்டியிருக்காது, குழாயில் தண்ணீர் நின்றுபோனது. விடியக்காலையில் லாரியில் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பிய தண்ணீர் அது. போரில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

வரிசையில் நின்ற பொம்பளைகள் அங்கேயிருந்த அதிகாரியைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். காலிக் குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, கையை ஓங்கி, வாய்க்கு வந்தபடி வைதார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்றவள் பேச்சியம்மாள். உன்னிடம் மீதி நாற்பது அடி இருந்தது. அதில் அவர்களை எடுத்தாய்.

ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு ரோல் என்பது நிலையத்தின் விதி. உன்னிடம் வேறு ரோல் இல்லை. திறப்பு விழாவும் முற்றுகையும் ஒரே ரோலில் ஒட்டிக்கொண்டு போயின. "தாள்ல தெளிவா எழுதிட்டாப் போதும்" என்றாய். எழுதினோம். மந்திரி சென்ற பத்தாவது நிமிடம் தண்ணீர் நின்றது, லாரித் தண்ணீரை நிரப்பி விழா நடத்தியதாகப் பெண்கள் புகார், அதிகாரி முற்றுகை. நீ சொன்னாய், நான் அடித்தேன். உறையை ஒட்டும்போது, "இதப் போட்டாகன்னா நாளையிலருந்து அந்த ஊருக்குத் தெனமும் லாரி வரும் பாரு" என்றாய். உன் முகம் அன்றைக்கு எவ்வளவு நன்றாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து அந்த ஊர்க்காரர்கள் ஆறேழு பேர் நம் வீட்டு கேட்டில் வந்து நின்றார்கள். பேச்சியம்மாளின் தம்பி சென்னையில் ஒரு ஹோட்டலில் வேலை பார்த்தான். முதலாளி வீட்டு டிவியில் தன் அக்காளையே பார்த்துவிட்டு ஊருக்குக் கடிதம் போட்டிருந்தான். தண்ணீர் வந்த சந்தோஷத்தில் நம்மூர்ப் பொம்பளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குதித்தார்களாமே என்று. நிலையத்தில் நம் தாளை ஓரமாகப் போட்டுவிட்டு, கொட்டுகிற குழாயையும் தூக்கிய கைகளையும் அடுத்தடுத்து ஒட்டி, மகிழ்ச்சி என்று வாசித்திருக்கிறார்கள். அதுவரைக்கும் வாரம் ஒரு தடவை வந்துகொண்டிருந்த தண்ணி லாரியும் நின்றுபோனது. மனுக் கொடுக்கப் போனவர்களிடம், உங்கள் ஊரில்தான் தண்ணீர் வந்துவிட்டதே, டிவியிலேயே காட்டியாயிற்றே என்று சொல்லி மனுவைத் திருப்பிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

"ஏன்யா, நீயுந்தேன் பக்கத்துல நின்னு பாத்த. நாங்க சிரிச்சமா?" என்று பேச்சியம்மாள் உன்னைக் கேட்டாள்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "நான் படம் புடிக்கிறதோட சரிம்மா. பேசுறதெல்லாம் மெட்ராஸ்ல" என்றாய். உண்மையை எழுதித்தான் அனுப்பினேன் என்று சொல்லவில்லை. அதற்கு நகல் இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்த ஒரு தாள் கையில் இருந்திருந்தால் அவர்கள் கலெக்டர் வரைக்கும் போயிருப்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் உள்ளே வந்து, "கார்பன் காப்பி வச்சிருக்கியா?" என்றாய்.

"இருக்குண்ணே."

"கிழிச்சுரு. அது வெளிய போச்சுன்னா கார்டப் புடுங்கிருவாக. திரும்பக் கல்யாண வீட்டுல போயி நிக்கச் சொல்றியா?"

கல்யாண வீட்டில் நிற்பதில் என்ன குறைச்சல் அண்ணே? அங்கே அழுகிற பொண்ணைச் சிரிக்கிறாள் என்று யாரும் உன்னைச் சொல்லவைக்கவில்லையே.

ரெண்டு நாள் கழித்து நீ மறுபடி கேட்டபோது, "கிழிச்சாச்சுண்ணே" என்றேன். பொய். இப்போதுதான் உன்னிடம் சொல்கிறேன். கிழிக்கவில்லை. பழைய வருகைப் பதிவேடு ஒன்றுக்குள் வைத்துப் பள்ளிக்கூட பீரோவில் பூட்டினேன். பூட்டியதோடு சரி, வெளியே எடுக்கவும் இல்லை. கிழிக்காமல் வைத்ததில் எனக்கு என்ன யோக்கியதை வேண்டிக்கிடக்கிறது? கிழித்துப் போட்டிருந்தாலும் அந்த ஊருக்கு அதே கதிதான்.

அந்தக் கோடை முழுக்க அவர்கள் ஒரு வயல் கிணற்றுக்குள் இறங்கி அடியில் கிடந்த தண்ணீரைச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றி எடுத்துவந்தார்கள். ஒரு நாள் கல்படி பெயர்ந்து பேச்சியம்மாளின் நாத்தனார் உள்ளே விழுந்தாள். இடுப்பு போயிற்று. ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தாள். இன்றுவரைக்கும் எழுந்து நடக்கவில்லை. நீ ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்கப் போனாய். வார்டு வாசல்வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தாய். அந்தப் பழத்தை நம் வீட்டில்தான் தின்றோம்.

இதையாவது உன் பயம் என்று விட்டுவிடலாம். வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஆயிரம் இருந்தது உனக்கு. அதற்கப்புறம் நீ செய்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நிலையத்திலிருந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. மக்களின் முகங்கள் நன்றாக வந்திருக்கின்றன, தொடர்ந்து இப்படியே அனுப்பவும் என்று. நீ அதை மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டாய். கொஞ்ச நாளிலேயே நீ சொல்கிற வரிகள் மாறிப்போயின. மகிழ்ச்சி, ஆரவாரம், நன்றி தெரிவித்தனர். சென்னையில் உட்கார்ந்து மாற்றுகிறவர்களுக்கு நீ வேலையே வைக்கவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு வாங்க நின்ற பிள்ளைகளின் அம்மாமாரிடம், "கொஞ்சம் சிரிங்கம்மா, மெட்ராஸ்ல பாக்குறாகள்ல" என்றாய். நான் ஜன்னல் வழியாக உன்னைப் பார்த்தேன். நீ கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாய்.

நான் ஏன் அதையெல்லாம் அடித்தேன்? அண்ணன் சொல்கிறான், தங்கச்சி அடிக்கிறாள், ரயிலுக்கு நேரமாகிறது. அதற்கு மேல் யோசிக்காமல் இருப்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

கடைசி ரெண்டு வருஷம் தோளில் வைக்கிற வீடியோ கேமரா கொடுத்தார்கள், மைக்கும் சேர்த்து. இனிமேல் ஒருத்தி சொல்வதை இன்னொருத்தர் மாற்ற முடியாது, அண்ணன் பழையபடி ஆகிவிடுவான் என்று நான் நம்பினேன். நீயோ யாரிடம் மைக்கை நீட்டுவது, யாரிடம் நீட்டக்கூடாது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவுபண்ணிக்கொண்டு போனாய்.

நெஞ்சுவலி வந்த அன்றைக்குக் காலையில் நீ சமயநல்லூர்ப் பக்கம் போய்வந்தாய் என்று மதினி சொன்னார். வேலை ஒன்றும் இல்லையாமே அன்றைக்கு. எதற்குப் போனாய்? ஓடைப்பட்டிக்குள் போனாயா, இல்லை இதிலும் வாசலோடு திரும்பிவிட்டாயா? இதை இனி யாரிடம் போய் நான் கேட்பேன்?

இப்போது கொடைக்கானல் மலையில் டிவி டவர் வந்துவிட்டது. சின்ன ஓடைப்பட்டியிலும் பஞ்சாயத்து டிவி வைத்திருக்கிறார்கள். நீ செத்ததற்கு நிலையம் செய்த மரியாதையை அந்த ஊர் மொத்தமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறது. தங்களை வைத்து எடுத்த அந்தப் படத்தை அவர்கள் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

திங்கட்கிழமை பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். தலை நரைத்துவிட்டது. பார்த்ததும் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"நீதேன் கேமராக்காரர் தங்கச்சியா?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"உக்கார வரல. ஒங்கண்ணன் செத்தது கேட்டு சங்கட்டமாத்தேன் இருந்துச்சு. இல்லைங்கல. ஆனா அவரு சாவுக்கும் எங்களத்தேன் சிரிக்க விடுவீகளா? எங்க நாத்தனாளுக்கும் வாசல்ல இருந்து டிவி தெரியுறாப்ல கட்டிலத் திருப்பிப் போட்டிருந்தோம், அவளும் பாத்துட்டா. இன்னும் நம்மளச் சிரிக்க வைக்கிறாகளே மதினின்னு கேக்குறா. நான் அவளுக்கு என்னத்தச் சொல்ல?"

நான் பீரோவைத் திறந்தேன். நகலை எடுத்து, அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் வாசித்துக் காட்டினேன். அவள் மறுபடி வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"இம்புட்டையும் அன்னைக்கே எழுதுனாரா?"

"அன்னைக்கேதாம்மா."

"நாங்க ஒங்க வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப இது எங்க இருந்துச்சு?"

"இங்கதான். நான்தான் பூட்டி வச்சிருந்தேன்."

அவள் வைதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் வையவில்லை. "அந்த வருஷம் ஒங்க வீட்டுக் கொழாயில தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது என்று சொன்னேன்.

அந்தத் தாளின்மேல் விரலை வைத்தாள். அப்புறம், "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வா. ஊரு பூராம் டிவி முன்னாடிதேன் இருக்கும். அத அமத்திப்புட்டு இத எல்லாருக்கும் வாசி. நாத்தனாளக் கட்டிலோட தூக்கியாந்து போடுறோம்" என்றாள்.

"வாரேம்மா" என்றேன்.

அவள் போனதும் நிலையத்துக்கு டிரங்க் கால் போட்டேன். ஒரு சின்ன வயசுக் குரல். அந்தப் படத்தை இனிப் போடாதீர்கள், அவர்கள் அதில் வைதுகொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். "இல்லைங்க மேடம், அது சாரோட பெஸ்ட் ஷாட். அவ்வளவு சந்தோஷமா இருக்காங்களே, பாத்தாலே தெரியுதே" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பான். அவனுக்கு அப்படித் தெரியும்படி செய்தவர்களில் ஒருவன் எனக்கு அண்ணன், இன்னொருத்தி நானே.

மதினியிடம் சொன்னேன். சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை.

"செத்தவரக் கொண்டுபோயி சந்தியில நிறுத்தப்போறியா ஸ்டெல்லா? பிள்ளைக தெருவுல தல நிமிர வேணாமா?"

"அண்ணன் உண்மையத்தான் எழுதுனாருன்னு சொல்லப்போறேன் மதினி."

"அப்ப அத மட்டும் சொல்லு. அதோட நிறுத்திக்க. ஒனக்குக் கோடிப் புண்ணியம்."

மதினி கேட்டதை ரெண்டு நாள் மனசில் போட்டுப் புரட்டினேன். அதை மட்டும் சொன்னால் போதும்தான். நீ நல்லவனாகிவிடுவாய். பழி முழுக்கச் சென்னைக்குப் போய்விடும். நானும் உண்மையை இத்தனை வருஷம் காப்பாற்றிய தங்கச்சியாகிவிடுவேன். மதினிக்கும் நிம்மதி. ஆனால் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து ஒட்டிக் காட்டுகிற வேலையைத்தானே அவர்கள் பேச்சியம்மாளுக்குச் செய்தார்கள்? அதே ஊரில், அதே பொம்பளைகள் முன்னால், நானும் அதைச் செய்ய வேண்டுமா? முழுதையும் சொல்லப்போகிறேன் என்றதிலிருந்து மதினி என்னோடு பேசவில்லை. எனக்கும் அது வலிக்கத்தான் செய்கிறது.

நீ இருந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தக் கோபம் வேறு தனியாக இருக்கிறது.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பூசைக்குப் போய்விட்டு, மத்தியானமே சமயநல்லூர் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். நீ எழுதியதை வாசிப்பேன். எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டதைச் சொல்வேன். அதற்கப்புறம் மற்றவர்களைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்ததையும் சொல்வேன். எல்லாவற்றையும் அடித்தவள் நான், பூட்டியவளும் நான் என்பதைத்தான் முதலில் சொல்வேன். எங்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன். அதைக் கேட்கிற உரிமை நமக்குக் கிடையாது. வைவார்கள். அன்றைக்கு அவர்கள் வைததைத்தான் யாரும் காதில் வாங்கவில்லை. நாளைக்கு நான் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை விடாமல், உன் பங்கையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு வருவேன். இது உன்மேல் சத்தியம் அண்ணே.

ஒரு வயிற்றில் பிறந்த பாவத்திலும் பாசத்திலும்,
உன் தங்கச்சி
ஸ்டெல்லா